போரா பஜாரில் வாங்கிய பழைய கேமரா

விடுமுறைக்கு மும்பை மாட்டுங்காவில் உள்ள அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, எலிஃபண்டா தீவிலிருந்து திரும்பும் படகில் தெறித்த கடல்நீர் என் கேமராவுக்குள் இறங்கியதால், அது அடியோடு செயலிழந்தது. பையில் தனியாக இருந்த 50 மி.மீ. லென்ஸும் உபரி பேட்டரியும் மட்டும் தப்பின.

ஊர் திரும்ப இன்னும் ஐந்து நாட்கள் இருந்தமையால், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கு அருகே கேமரா கடைகள் நிறைந்த போரா பஜாருக்கு மறுநாளே சென்று, அந்த லென்ஸுக்குப் பொருந்தும் கேனன் 1300டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 2016-இல் வெளிவந்த, 18 மெகாபிக்சல் கொண்ட மாதிரி அது. ஒருவர் பயன்படுத்தி விற்றது. கடைக்காரர் 14,000 ரூபாய் கேட்டார்.

விலை பேசுவதற்கு முன், என் மெமரி கார்டைச் செருகி, லென்ஸை மூடியால் மூடி, குவியத்தைக் கைமுறைக்கு மாற்றிப் பத்து விநாடிப் படம் ஒன்றை எடுத்தேன். பழுதான பிக்சல்கள் இருந்தால் அவை கருமையில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. பிறகு, லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப்/16 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கி வெளிறிய வானத்தை எடுத்தபோது, மூலையில் மூன்று கரும்பொட்டுகள் தெரிந்தன. அது படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் படிந்த தூசிதான், காற்று ஊதினாலே போய்விடும் என்பதை நான் சொல்லவில்லை. அதையே காட்டி 11,500 ரூபாய்க்கு முடித்தேன். அவர் தந்த பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை. என் உபரி பேட்டரி இதற்கும் பொருந்தியதால் மீதிப் பயணம் தப்பியது.