சரிவு நிலத்தில் களைக்காடு எடுக்கப் போகிறவர்களுக்கு

இலங்கை மலைநாட்டில் சரிவான நிலத்தைத் துப்புரவு செய்யப் போகிறவர் கத்தியைத் தீட்டுவதற்கு முன்னால் மழைக்காலம் எப்போது என்று கணக்குப் பார்க்க வேண்டும். காடு வெட்டுவது பெரிய காரியமில்லை. நாலு பேர் சேர்ந்தால் அரை ஏக்கரை மொட்டையடித்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு பெருமழை பிடித்தால் அந்த அரை ஏக்கரின் மேல்மண் கீழ்வீட்டு வாசலில் கிடக்கும். அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: எவ்வளவு இடத்தை உடனே மூடி வைக்க முடியுமோ, அவ்வளவு இடத்தை மட்டும் திறவுங்கள்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, களையை மண்ணோடு சுரண்டும் சொரண்டி பிடித்து வளர்ந்தவள். இப்போது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குக் கீழே, தேயிலை செத்துக் காடாகிப்போன ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நேராக நின்று கையை நீட்டினால் மேல்பக்கத்து மண் தொடும், அவ்வளவு சரிவு. பழைய தேயிலை நிற்கும் எந்த மலையிலும் தூரின் அடியைக் குனிந்து பாருங்கள். வேர் விரல் விரலாக வெளியே நிற்கும். நட்ட காலத்தில் அதெல்லாம் மண்ணுக்குள் இருந்த வேர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து ஒரு புல்கூட இல்லாமல் மலையைச் சுரண்டி வைப்பதுதான் நல்ல வேலை என்று சொல்லிக்கொடுத்தார்கள். சுரண்டச் சுரண்ட மண் வடிகாலான கானுக்குப் போனது, கானிலிருந்து ஆற்றுக்குப் போனது. தேயிலை ஆராய்ச்சி நிலையமே சொரண்டியைத் தவிர்க்கச் சொல்லிப் பல காலம் ஆகிறது. சரிவில் வேலை செய்கிறவர்கள் சொரண்டியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

எப்போது தொடங்குவது

இது இடத்துக்கு இடம் மாறும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல போன்ற ஊவாப் பக்கத்தில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்ச்சல், அதாவது மழையில்லாத காலம், அதோடு கச்சான் என்ற வறண்ட காற்று. எங்களுக்கு மார்ச், ஏப்ரலில் விழும் சிறுமழைதான் வேர் எடுக்கத் தோதான நேரம். மண் இளகியிருக்கும், ஆனால் வழுக்காது. வெட்டிப் போட்டது காய்ச்சல் காலத்தில் நன்றாகச் செத்துவிடும். ஒக்டோபரின் முதல் மழைக்கு வேலிக்கம்பும் வெட்டிவேரும் நடலாம்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் கணக்கு வேறு. மே மாதம் தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் செப்டெம்பர் வரை விடாது. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வெட்டி முடித்து, ஏப்ரல் மழைக்கு நட்டு, மே வருவதற்குள் மண் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் சரிவில் கால் வைக்கவே வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து, மழை இன்னும் விடவில்லை என்றால் மண்சரிவைப் பற்றி விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் மலையை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. நிலத்தில் புதிதாக வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்ந்திருப்பது, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி வருவது, இதில் எதைக் கண்டாலும் அந்த நிலத்தில் களை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.

நெருப்பு வைக்காதீர்கள்

“பத்த வச்சிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும் அக்கா” என்று யாராவது ஒரு தம்பி கட்டாயம் சொல்வான். முடியாது. கினிப்புல் எரிந்த பிறகு முன்பைவிடச் செழிப்பாக வரும். உண்ணிச்செடியின் தூர் சாகாது, மழை பட்டதும் பத்துக் கிளை விடும். எரிந்த மண்ணைப் பிடித்துவைக்க ஒரு சருகுகூட மிஞ்சாது. கச்சான் காற்றில் கொளுத்திய நெருப்பு நம் எல்லையில் நின்றதாகச் சரித்திரமும் இல்லை.

களைநாசினியைப் பற்றியும் கேட்பார்கள். கிளைபொசேற்றை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். அனுமதி இருக்கிறதோ இல்லையோ, செங்குத்தான இடத்தில் நான் அடிக்க மாட்டேன். தெளித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து மலை வெறுமையாகிவிடும். லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதே மலையின் ஊற்றுப் பீலியிலிருந்துதான்.

கோடு போடுவது

மலைக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், பட்டை பட்டையாக வேலை செய்ய வேண்டும். ஆறடி அகலத்துக்குத் துப்புரவு, அடுத்த ஆறடி அப்படியே. அந்த மட்டக்கோட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. கண் எப்போதும் நம்மை இறக்கத்துக்கு இழுக்கும். அதற்கு ஒரு சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். ஏழடி நீளத்தில் நேரான இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி விரியுங்கள். நடுவில் குறுக்காக ஒரு கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் முட்டையளவு கல். இரண்டு கால்களையும் ஊன்றி, நூல் குறுக்குக்கம்பில் தொடும் இடத்தில் கரியால் கீறுங்கள். இப்போது கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் வைத்து இன்னொரு கீறல். இரண்டுக்கும் நடு எதுவோ அதுதான் மட்டம். இனி மலையில் ஒரு காலை ஊன்றி, நூல் நடுக்கீறலில் விழும்வரை மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். விழுந்த இடத்தில் முளை அடித்து, அந்த முளையிலிருந்து அடுத்தது. காற்று அடிக்கும் நாளில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும், காலையில் வெள்ளெனச் செய்வது நல்லது.

பழைய கான் இருந்தால் மூடிவிடாதீர்கள். தோட்டத்துக் கான்கள் ஏறக்குறைய 120 அடிக்கு ஓரடி இறக்கத்தில், தண்ணீர் மெதுவாகப் போக வெட்டியவை. களை எடுக்கும் முன் கானில் நிறைந்திருக்கும் மண்ணை அள்ளி மேல்கரையில் போடுங்கள். வேலை நடக்கும்போது உருண்டு வரும் மண்ணையும் கொடித்துண்டையும் பிடித்து வைக்கப்போவது அந்தக் கான்தான்.

உண்ணிச்செடி

நாயுண்ணி என்றும் சொல்வார்கள். 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்கென்று வந்த செடி. ஆடுமாடு தின்றால் ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெடிக்கும். அதனால் மேய்த்துத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போனால் அடுத்த வருஷம் முன்பைவிட அடர்த்தியான புதர்தான் கிடைக்கும்.

முழுவேரையும் தோண்டினால் செடி சாகும், ஆனால் சரிவில் ஒவ்வொரு குழியும் அடுத்த மழைக்கு ஒரு வாய்க்கால். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவரோடு இருந்தவர்களும் இந்தியாவின் கோர்பெட் காட்டில் செய்து காட்டிய முறை எங்கள் சரிவுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்திலிருந்துதான் புதுத்துளிர் வரும். அதற்குக் கீழே ஆணிவேரைத் துண்டித்துவிட்டால் மிச்ச வேர் முளைக்காது. மண்ணுக்குள்ளேயே கிடந்து, மக்கும்வரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

செய்யும் விதம் இது. முதலில் நீளக்கத்தியால் பக்கக் கிளைகளைக் கழித்து, கைக்குப் பிடிக்க இரண்டு மூன்று தண்டு மட்டும் விடுங்கள். மேல்பக்கத்தில் நிற்காமல் செடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். தூரைச் சுற்றிச் சருகை விலக்கினால், சாம்பல்நிறத் தண்டு மஞ்சள் கலந்த வேராக மாறும் இடம் தெரியும். அலவாங்கின் (கடப்பாரையின்) தட்டை முனையை அங்கிருந்து மூன்று விரல்கிடை கீழே சாய்வாக வைத்து ஓங்கிக் குத்துங்கள். தடித்த தூருக்கு இரண்டு பக்கமும் குத்த வேண்டும். ஒருவர் குத்தும்போது இன்னொருவர் தண்டைப் பிடித்து அசைத்தால், வேர் அறும்போது கையில் ‘சட்’டென்று தெரியும். தூக்கியதும் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கப் போடுங்கள். அதே இடத்துச் சருகைத் திரும்ப இழுத்து மண்ணை மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம், அதன் முள் சின்னதானாலும் சீழ் வைக்கும்.

மற்றவை

மைக்கானியாக் கொடி, இங்கே எல்லோரும் வத்துபாலு என்பது, கணு பட்ட இடமெல்லாம் வேர் விடும். பூ வெள்ளையாகிப் பஞ்சு பறப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அடியை அறுத்துப் பாயாகச் சுருட்டி, ஈரமண்ணில் போடாமல் மரக்கிளையிலோ பாறையிலோ போட்டுக் காயவிடுங்கள். முடிந்ததும் கானில் விழுந்த துண்டுகளைப் பொறுக்குங்கள். அதை விட்டால் கீழ்நிலத்துக்காரருக்கு நீங்கள் நட்டுக் கொடுத்த மாதிரி.

கினிப்புல்லைக் கதிர் தள்ளுமுன் அறுத்து மாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே வந்து, தூரை மண் கிளறும் இரும்பு முள்ளால் நெம்பி எடுங்கள். இரண்டு தூரை எடுத்தால் ஒரு தூரை விட்டு வைத்து, மற்ற இடம் மூடிய பிறகு அதையும் எடுக்கலாம். காட்டுச் சூரியகாந்தி நல்ல பசளை. விதை பிடிக்குமுன் வெட்டி இலையை மண்மேல் பரப்பலாம், தண்டு மட்டும் வேர் விடும் என்பதால் காய்ந்த பிறகு போடுங்கள்.

மானாப்புல்லை எடுக்க வேண்டாம். அது இந்த மண்ணின் புல், சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அறுத்து மூடாக்குப் போடுவதற்கு அதைவிட நல்லது இந்த மலையில் இல்லை. எங்கள் நிலத்தில் வெட்டாமல் விடும் பட்டைகளை மானா நிற்கும் இடமாகப் பார்த்தே குறிக்கிறேன்.

ஆளுக்குச் சேதமில்லாமல்

எல்லோரும் ஒரே மட்டத்தில் நின்று மலையைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். ஒருவருக்கு நேர்மேலே இன்னொருவர் கூடவே கூடாது. கயிறு கட்டுவதானால் உயிருள்ள பெரிய சவுக்கு மரத்தில் கட்டுங்கள், புதர்த்தூரை நம்பாதீர்கள்.

குளவியைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புதருக்குள் கத்தியை விடுமுன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள். ஒரே இடத்துக்குப் பூச்சி போய்வந்துகொண்டிருந்தால் அங்கே கூடு இருக்கிறது. தூரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். கல்லெறிவது, புகை போடுவது எதுவும் வேண்டாம். காய்ந்த சருகைக் கையால் அள்ளாதீர்கள், குனகட்டுவா என்ற விஷப்பாம்பு அதற்குள்தான் சுருண்டு கிடக்கும். இங்கே ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது, சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும். கடித்தால் வீக்கம் சின்னதென்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஸ்கெலியாப் பக்கமானால் அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது போதும்.

புதருக்குள் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கும். கண்டால் கழற்றிவிடுங்கள். அதில் சிறுத்தை மாட்டிச் சாவது இந்த மலைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது, பார்க்கச் சகிக்காது. சிறுத்தை உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

மூடுவது

வெட்டிய கிளைகளை மட்டக்கோட்டின் முளைகளுக்கு மேல்பக்கம், முழங்கால் உயரத்துக்கு நீளமாக அடுக்குங்கள். உருண்டு வரும் மண் அதன் பின்னால் தங்கும். முளையாகக் கிளிரிசிடியாக் கம்பையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்தால் மழைக்குத் துளிர்த்து வேலியாகிவிடும், கழிக்கும் இலை பசளையாகும். நுவரெலியா உயரத்துக் குளிரில் கிளிரிசிடியா சரியாக வராது, அங்கே முள்முருங்கை வகை வைக்கலாம். அதன் கீழே வெட்டிவேர் நாற்றை ஒரு சாண் இடைவெளிக்குள் நெருக்கமாக ஒரே வரியில் நடுங்கள். இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த ஓட்டையைத் தேடி வந்து அறுக்கும். மிச்ச இடமெல்லாம் மானா மூடாக்கு, மண் கண்ணில் படாத தடிப்புக்கு. தேயிலையோ கோப்பியோ திரும்ப நடும் எண்ணமிருந்தால் அவசரப்படாமல் முதலில் குவாத்தமாலாப் புல்லைப் போட்டு மண்ணை ஆறவிடுங்கள். தோட்டங்களில் ஒன்றரை வருஷத்திலிருந்து இரண்டு வருஷம் விடுவார்கள்.

விட்டுவைத்த பட்டைகளை இந்த மூடாக்கும் வேலியும் பிடித்த பிறகு, அடுத்த பருவத்தில் எடுங்கள். அதுவரை அவற்றில் பூவை மட்டும் கழித்துக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் காவல். முதல் மழை முடிந்து மூன்று நாலு கிழமையில் உண்ணி நாற்று கிளம்பும். கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்து எச்சமிடும் மரத்தடியிலும் பாறை ஓரத்திலும்தான் அதிகம் இருக்கும், நிலம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. விரல் நீளத்தில் இரண்டு விரலால் பிடுங்கலாம், முழங்கால் உயரம் வந்துவிட்டால் திரும்ப அலவாங்குதான். மேல்நிலம் வேறொருவருடையதாக இருந்தால் அவரோடு பேசி எல்லையில் ஆறடி சேர்த்து எடுத்துவிடுங்கள். ஆளில்லாத தோட்டத்து நிலமானால் மேனேஜரிடம் கேட்டு எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.