ஈடேலில் கூடாரம் போட்டவர்களுக்கு: மேகத்தைப் பார்த்து அன்றைய வழியைப் பிடிப்பது எப்படி

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஈடேல் பள்ளத்தாக்கு. மான்செஸ்டர்–ஷெஃபீல்ட் ரயில் பாதை இதன் நடுவே போகிறது. கூடாரத்திலிருந்து நடந்தே நிலையத்துக்குப் போய்விடலாம் என்பதால் கார் இல்லாமலே மூன்று நான்கு நாட்களை நன்றாகக் கழிக்க முடியும். வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வருவது. இங்கே நாளை முடிவு செய்வது மேகம்.

காலை ஏழு மணிக்கு வெளியே வந்து முதலில் வடக்கே பாருங்கள். ஊருக்கு நேர் மேலே நிற்கும் கிரிண்ட்ஸ்லோ நோல் 601 மீட்டர் உயரம். அதன் தலை தெளிவாகத் தெரிந்தால் அன்று கின்டர் ஸ்கவுட் என்ற பெரிய மேட்டுநிலம். தலை மறைந்திருந்தால் தெற்கே திரும்புங்கள். 517 மீட்டர் உயர மாம் டோர் தெரிகிறதா? தெரிந்தால் கிரேட் ரிட்ஜ் என்ற நீண்ட மலைமுகடு. அதுவும் தெரியவில்லை என்றால் மலையை விட்டுவிட்டு பக்கத்து ஊரான காசில்டனின் குகைகளுக்குப் போங்கள். மேகம் மெல்ல மேலேறுவது போலிருந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். அது இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை.

கின்டர் ஸ்கவுட்

மொத்தம் சுமார் 14 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டருக்கு மேல். கணக்கு எளிது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் வரும். சாப்பாடு, படம் எடுப்பது, குழந்தைகளின் கால் எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப்புக்கு அருகில் பென்னைன் வே தொடங்குகிறது. 1965-ல் திறக்கப்பட்ட இந்த நெடும்பாதை சுமார் 430 கிலோமீட்டர் தாண்டி ஸ்காட்லாந்தில் போய் முடிகிறது. நமக்கு அதன் முதல் சில கிலோமீட்டர் போதும். வயல்கள் வழியே அப்பர் பூத், பிறகு சிறிய கல்பாலம், அதைத் தாண்டியதும் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிகள். மேலே போனதும் வடக்கே கின்டர் லோவின் வெள்ளை அளவைத்தூண் வரை (633 மீட்டர்) போய்த் திரும்பி, தெற்கு விளிம்புப் பாதையைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். நோ ஸ்டூல், பிம் சேர், வூல் பேக்ஸ் என்று காற்று செதுக்கிய மணற்பாறைகள் வரிசையாக வரும். பாதி நேரத்தை இங்கே செலவிடலாம், அவ்வளவு அழகு. கிரவுடன் டவரைத் தாண்டி கிரிண்ட்ஸ்லோ நோல் வழியாக நேரே ஊருக்கு இறங்கிவிடலாம். இறக்கம் செங்குத்து. மழைக்குப் பின் புல் வழுக்கும், கைத்தடி உதவும்.

இரண்டு இடங்களில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது கிரிண்ட்ஸ்புரூக் ஓடை வழி. வரைபடத்தில் குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் மேல்முனையில் கைகளை ஊன்றிப் பாறை ஏற வேண்டும். ஈரமான நாளில் சிறு குழந்தைகளோடு அந்த வழி வேண்டாம். இரண்டாவது, 636 மீட்டர் உச்சியைத் தேடி விளிம்பை விட்டு நடுமேட்டுக்குள் போவது. அங்கே சிகரம் என்று கண்ணுக்குத் தெரியும் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் பீட் என்னும் கறுப்புச் சதுப்பு மண்ணும் அதில் மழை வெட்டிய ஆளுயரக் கால்வாய்களும்தான். ஒரு கால்வாயில் இறங்கி ஏறினாலே திசை மாறிவிடும். மேகம் திடீரென மூடினாலும் விளிம்புப் பாதையை விடாதீர்கள். கிழக்கே போகையில் சரிவு எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

இந்த மேட்டில் நாம் நடக்க முடிவதே போராடிப் பெற்ற உரிமை. 1932 ஏப்ரல் 24 அன்று தனியார் வேட்டை நிலமாக இருந்த கின்டருக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. அதனால் திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். மேட்டில் அடுப்போ பார்பெக்யூவோ கூடவே கூடாது. பீட் மண் மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகைந்து எரியும்.

கிரேட் ரிட்ஜ்

சுமார் 12 கிலோமீட்டர். ஈடேல் நிலையத்திலிருந்து ஹாலின்ஸ் கிராஸுக்கு ஏறி, வலப்பக்கம் மாம் டோர் வரை போய் வந்து, பிறகு கிழக்கே பேக் டோர், லோஸ் ஹில் (476 மீட்டர்) கடந்து ஹோப் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஒரே நிறுத்தம் ரயிலில் வந்தால் ஈடேல். இந்தத் திசையில் போனால் பேக் டோரின் அரித்துப்போன செங்குத்துச் சரிவு ஏற்றமாக வரும். எதிர்த்திசையில் அதுவே இறக்கமாகி முழங்காலைப் பதம் பார்க்கும்.

மாம் டோரின் கிழக்கு முகம் இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது. கீழே ஓடிய ஏ625 சாலையைப் பலமுறை செப்பனிட்டுப் பார்த்து, 1979-ல் கைவிட்டார்கள். உடைந்து மடிந்த தார்ச்சாலையை இன்றும் நடந்து பார்க்கலாம்.

மழை நாள்: காசில்டன்

ரயிலில் ஹோப், அங்கே பிரதான சாலையில் காசில்டன் பேருந்து. நான்கு குகைகள் உண்டு, ஒரே நாளில் இரண்டுக்கு மேல் பார்த்தால் அலுத்துவிடும். வயதானவர்கள் இருந்தால் ஊருக்குள்ளேயே இருக்கும் பீக் கேவர்ன் நல்லது. அதன் பிரம்மாண்டமான வாயிலில் நூற்றாண்டுகளாகக் கயிறு திரித்தார்கள். ஸ்பீட்வெல்லில் 105 படி இறங்கி, 18-ம் நூற்றாண்டு ஈயச் சுரங்கத்தின் நீர் நிரம்பிய குறுகிய வழியில் படகில் போக வேண்டும். அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வேண்டாம். சுண்ணாம்புத் தொங்கல்களும் ‘புளூ ஜான்’ என்ற ஊதா-மஞ்சள் வரிக்கல்லும் பார்க்க ட்ரீக் கிளிஃப். கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் தேவை. மழை விட்டால் ஊருக்கு மேலே 1176-ல் எழுந்த கோபுரத்தோடு நிற்கும் பெவரில் கோட்டைக்கு ஏறலாம்.

பையில் இருக்க வேண்டியவை

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நீர் புகாத மேல்சட்டை, கால்சட்டை இரண்டும் வேண்டும். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு, விசில், திசைகாட்டி, ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் வரைபட நிறுவனத்தின் ஓஎல்1 காகித வரைபடம். மேலே ஊரைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு, காற்று அதற்கும் மேல் குளிரவைக்கும்.

பள்ளத்தாக்கில் கைப்பேசி சிக்னல் அடிக்கடி போய்விடும். கிளம்பும் முன்பே பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-க்கு ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி உறுதிசெய்யுங்கள். பேசச் சிக்னல் போதாத இடத்திலும் அதன்பின் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம். அழைக்க முடிந்தால் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

ரயிலில் ஒரு பொறி உண்டு: இந்தப் பாதையில் ஓடும் விரைவு ரயில்கள் ஈடேலில் நிற்காமல் போய்விடும். நின்று போகும் வண்டிகளின் நேரத்தை இரு திசைக்கும் காலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடிக்கும்படி இறங்கத் தொடங்குங்கள். ஹோப் நிலையம் ஹோப் ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது, அந்த நடைக்கும் இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.