பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்: புதியவர்கள் கோட்டை விடும் இடங்கள்

புதுச்சேரியில் எப்போதாவது ஒரு பழைய மாடல் கிட் (கப்பல், விமானம், கார் என்று பாகம் பாகமாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் செட்) கண்ணில் படும். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்) குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்யும்போது, இல்லை ஞாயிறு சந்தையில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளுக்கு அடியில். 1957ல் தொடங்கிய பிரெஞ்சு கம்பெனியான ஹெல்லரின் கப்பலோ விமானமோ என்றால் வாங்காமல் வர மனசு வராது. வாங்கிய பிறகு நடப்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் நாங்கள் ஒருகாலத்தில் செய்த அதே கூத்து.

பசை வழிவது, பெயின்ட் கட்டியாவது எல்லாம் இரண்டு கிட் கட்டினால் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். பழைய கிட்டில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாகங்களை வார்த்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், வெயில் படாமல் இருந்தால் ஐம்பது வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கூடவே பெட்டிக்குள் கிடக்கும் டயரும் ரப்பர் பேண்டும்தான் அதற்கு எமன். டிகால் (தண்ணீரில் நனைத்து மாடல் மேல் ஒட்டும் எண், படங்கள்) தானாகவே கெட்டுப்போகும்.

டயரும் கண்ணாடியும் ஒரே கவரில்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் ஜாக்கிரதையான ஆள்தான் இதைச் செய்கிறார். லாஸ்பேட்டைத் தம்பி ஒருவர் பழைய பிரெஞ்சு கார் கிட் ஒன்றை வாங்கினார். "டயரைத் தனியா வைங்க தம்பி" என்றேன். "எல்லாச் சின்னச் சாமானையும் பத்திரமா ஒரே கவர்ல போட்டுட்டேண்ணே" என்றார். கோடை முழுக்கப் பெட்டி பரணில் கிடந்தது. அப்புறம் பிரித்தால், முன் கண்ணாடியில் டயரின் வரிகள் அச்சடித்த மாதிரி பதிந்திருக்கின்றன. தொட்டால் பிசுபிசு.

நடந்தது இதுதான். அந்த டயர் ரப்பர் இல்லை, பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலப்பார்கள். பெரும்பாலும் தாலேட் வகை. அது வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் இருந்தால் அதற்குள் இறங்கி இளக்கிவிடும். சூடு கூடினால் வேகமும் கூடும். பள்ளிக்கூடத்தில் அழிரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் வைத்து மறந்து, லீவு முடிந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஸ்கேலில் குழி விழுந்திருக்குமே, அதே வேலைதான்.

பாடியில் குழி விழுந்தால் புட்டி (குழியை அடைக்கும் பூச்சு) அடைத்துத் தேய்த்துவிடலாம். கண்ணாடியில் புட்டி எப்படி அடைப்பது? தட்டையான ஜன்னல் என்றால் தெளிவான ஷீட்டில் வெட்டி வைக்கலாம். வளைந்த முன் கண்ணாடிக்கு அதுவும் கிடையாது. அச்சே நின்றுபோன கிட் என்றால் தேட வேண்டியது இன்னொரு முழு கிட்டைத்தான்.

ஆகவே பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே டயரை எடுத்துத் தனி பாலித்தீன் கவரில் போடுங்கள். பிவிசி கவர் வேண்டாம், அதுவும் இதே ஜாதி. டாங்கி மாடலின் வினைல் (அதுவும் பிவிசிதான்) செயினுக்கும் இதே கதிதான்; கட்டி முடித்த பிறகும் சக்கரங்களைத் தின்னும். மேலே பெயின்ட் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், பெயின்டும் இளகும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் சுற்றினால் தாங்கும்.

டிகாலை நேராகத் தண்ணீரில் போடுவது

பழைய டிகால் தண்ணீரில் இறங்கியதும் தூள்தூளாகப் போகலாம். தேவைப்படாத ஒரு நம்பரை வெட்டி முதலில் அதை முக்கிப் பாருங்கள். உடைந்தால், மீதி ஷீட் முழுக்கப் பளபளப்பான, நிறமில்லாத கிளியர் பெயின்ட் அடித்துக் காயவைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டித் தனித்தனியாக வெட்டுங்கள், மேலே படிந்த படலம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருக்கும். மஞ்சளித்திருந்தால், ஈரம் புகாத கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம்.

பரண்

கடலூரில் கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான கப்பல் உடல் அங்கே முறுக்கிக்கொள்ளும். அதற்காகத் தரையிலும் வைக்க முடியாது, மழைத் தண்ணீர் புகும். 2011ல் தானே புயல், 2024ல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்டோம். பீரோவின் நடுத்தட்டுதான் சரி. கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். அட்டைப் பெட்டியைக் கரையானும் வெள்ளிப்பூச்சியும் விடாது, அதனால் செய்முறைத் தாளை உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

முறுக்கியதைக் கொதிநீரில் போடுவது

பாலிஸ்டைரீன் 100 டிகிரி வாக்கில் துவண்டுவிடும். கை பொறுக்கும் சூட்டில் முக்கி, மெல்ல வளைத்து, பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள். அவசரப்பட்டால் கப்பல் கருவாடு.

ரப்பர் பேண்ட்

கழற்றி எறியுங்கள். தாராக உருகி ஒட்டும்.

பெட்டியோடு வந்த பசை

தொடாதீர்கள். புதுசு வாங்குங்கள்.

சீல் பிரிக்காமல் பொக்கிஷமாக வைப்பது

சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாள் வருடமாக ஆக இறுகிப் பெட்டியையே வளைக்கும். உள்ளே டயர் எதன்மேல் படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சீல் உடையாத பழைய கார் கிட் என்று கூடுதல் விலை சொன்னால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், கண்ணாடி போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.