நர்சிங் ஸ்கூல்ல கண்டிஷனல் அட்மிஷனா? முதல்ல ஊசிக் கணக்க பாருங்க

அமெரிக்காவுல நர்சிங்குக்கு அப்ளை பண்ணி 'கண்டிஷனல்'னு லெட்டர் வந்தா, சீட்டு உங்களுக்குத்தான், ஆனா கேட்டதெல்லாம் சொன்ன தேதிக்குள்ள குடுத்தாதான் நிக்கும். வெயிட்லிஸ்ட் வேற, இது வேற.

பொதுவா கேக்கறது: பாதியில இருக்கற அனாட்டமி, மைக்ரோபயாலஜி மாதிரி பாடத்துல அவங்க சொன்ன கிரேடு, பேக்ரவுண்ட் செக், டிரக் டெஸ்ட், பி.எல்.எஸ் (நெஞ்ச அமுக்கி உயிர் காப்பாத்தற முதலுதவி பயிற்சி) சர்டிபிகேட், தடுப்பூசி ரெக்கார்ட். க்ளினிக்கல்ஸுக்கு, அதாவது நேரடி பயிற்சிக்கு, உங்கள அனுப்பற ஆஸ்பத்திரி இதெல்லாம் கேக்கும், அதான் இவ்ளோ கெடுபிடி. கலிபோர்னியால கஞ்சாவுக்கு சட்டம் ஓகே சொல்லிருச்சேன்னு நம்பி டிரக் டெஸ்டுக்கு போயிடாதீங்க, ஸ்கூல்ல பெரும்பாலும் அந்த பேச்சு எடுபடாது. பி.எல்.எஸ்ல பொம்மைய வச்சு கையால அமுக்கி காட்டணும், முழுக்க ஆன்லைன்ல முடிக்கற சர்டிபிகேட்ட நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க.

மாட்டிக்கறது ஊசியிலதான். வழக்கமான ஹெபடைடிஸ் பி ஊசி 3 டோஸ், முதல் ஊசியிலேருந்து 1 மாசத்துல ரெண்டாவது, 6 மாசத்துல மூணாவது, லெட்டர் வந்தப்புறம் ஆரம்பிச்சா கிளாஸ் தொடங்கறதுக்குள்ள முடியறது கஷ்டம், அதனால சின்ன வயசு கார்டு இல்லன்னா உடனே டைட்டர்னு சொல்ற ரத்த டெஸ்ட் எடுத்து எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஊசிய ஆரம்பிச்சுட்டு, பாதியில இருந்தா சேத்துப்பீங்களான்னு ஈமெயில்ல கேட்டு பதில வச்சுக்கோங்க, போன்ல சொன்னது கணக்குல வராது.

அடுத்தது டிபி (காசநோய்) டெஸ்ட். நம்ம ஊர்ல பொறந்தவங்க கையில பிசிஜிங்கற டிபி தடுப்பூசி தழும்பு இருக்கும்ல, தோல்ல ஊசி போட்டு 48-லேருந்து 72 மணி நேரத்துக்குள்ள வீக்கம் பாக்கற டெஸ்டுல அதனாலயே பாசிட்டிவ் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் லெட்டர்னு அலையணும். க்வான்டிஃபெரான் ரத்த டெஸ்ட் எடுத்துக்கலாமான்னு முன்னாடியே கேட்டுருங்க, அத பிசிஜி குழப்பாது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சிக்கன்பாக்ஸ் ஊசி போடணும்னா டிபி டெஸ்ட அதே நாள்ல எடுத்துருங்க, இல்லன்னா ஊசி போட்டப்புறம் டெஸ்டுக்கு குறைஞ்சது 4 வாரம் காத்திருக்கணும்.

இன்னொண்ணு, நம்ம இனிஷியல் பிரச்சனை. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, ஊசி கார்டுல வெறும் 'கே'ன்னு இருந்தா ரெக்கார்ட திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கு, அப்லோட் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஒரே பேரா மாத்திக்கோங்க.