ஸ்டுடியோவில் கச்சேரி வாசிக்காதீர்கள்: தாள வாத்தியக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபாவில் கைதட்டல் வாங்கித் தரும் வாசிப்புதான் ரெக்கார்டிங்கில் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கிறது. விரல் பறக்கும் தபேலாக்காரர் ஒருவரை ஒரு பாட்டோடு மறந்துவிடுவார்கள். அவரைவிடக் கை குறைந்தவர் இருபது வருஷம் பிஸியாக இருப்பார். கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் இது சகஜம். இதில் அதிர்ஷ்டமும் சிபாரிசும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அவர்கள் கையைவிடக் காதை அதிகம் நம்புகிறார்கள்.

முதல் தவறு, நிறைய வாசிப்பது. இசையமைப்பாளர் "சாதாரணமா போங்க" என்று சொன்னால், அதற்கு நிஜமாகவே சாதாரணமாகப் போங்கள் என்றுதான் அர்த்தம். பல்லவி முடிகிற இடத்தில் இரண்டு மாத்திரை இடைவெளி கிடைத்ததும் ஒரு குட்டி மோரா (மூன்று முறை திரும்ப வரும் முடிப்பு) வைத்து, அடுத்த வரியின் முதல் சொல்லின் மேலேயே போய் விழுவார்கள். மேடையில் அதற்குச் சபாஷ் கிடைக்கும். இங்கே மிக்ஸிங் செய்கிறவர் பாடகரின் சொல் கேட்கவில்லை என்று அந்த இடத்தை அப்படியே ம்யூட் செய்துவிடுவார். பாடல் வரியை ஒரு தாளில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூச்சு வாங்கும் இடம் எது, சொல் இழுபடும் இடம் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாசிப்பவருக்கு ஃபில் (இடைவெளியை நிரப்பும் சின்ன வாசிப்பு) எங்கே வைப்பது என்ற சந்தேகமே வராது.

வாசிப்பின் அளவு மட்டுமில்லை, ஒலியின் இடமும் முக்கியம். தபேலாவின் இடது பக்கத்தில் கும்மென்று இழுக்கும் கமகம் தனியாகக் கேட்க அழகுதான். அதே நேரத்தில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஓடினால் மூன்றும் அடிஒலி என்ற ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். தோற்பது தபேலாதான். ஆகவே ஹெட்ஃபோனில் உங்கள் வாத்தியத்தை மட்டும் ஏற்றிக் கேட்காமல், பேஸையும் கிக்கையும் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லுங்கள்.

சின்ன வாத்தியங்களை மட்டமாக நினைப்பது அடுத்தது. ஷேக்கரை நீட்டினால் "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று முகம் மாறும். 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 அடி) வேகத்தில், ஒரு அடிக்கு நான்காகப் பிரித்து, நாலு நிமிஷப் பாட்டுக்கு ஷேக்கர் ஆட்டினால் மொத்தம் 1,600 அசைவுகள். அத்தனையும் ஒரே கனத்தில், முன்னே தள்ளாமல் பின்னே இழுக்காமல் வர வேண்டும். வீட்டில் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள், இரண்டாவது நிமிஷத்தில் மணிக்கட்டு என்ன சொல்கிறது என்று தெரியும். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் 1960-களில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவில் ஜாக் ஆஷ்ஃபோர்டின் பெயர் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் அவருடைய டாம்பரின். சலங்கை கட்டிய ஒரு வளையம், அவ்வளவுதான்.

அப்புறம் கிளிக், அதாவது தாளம் காட்ட ஹெட்ஃபோனில் ஓடும் டிக் டிக் ஒலி. எழுபதுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. இன்று நீங்கள் தனியாக உட்கார்ந்து, இன்னும் பதிவாகாத வயலின்களைக் கற்பனை செய்துகொண்டு, காதில் டிக் டிக் ஒலியோடு வாசிக்கிறீர்கள். இதில் கிளிக்கை மிகச் சத்தமாக வைப்பதுதான் பொதுவான பிழை. ஒரு பக்க ஹெட்ஃபோனைக் காதிலிருந்து விலக்கி வைத்துக்கொள்வது அதைவிட மோசம். விலகியிருக்கும் ஹெட்ஃபோன் பக்கத்தின் வழியாகக் கிளிக் மைக்குக்குள் புகுந்துவிடும். பாட்டு முழுக்க மறைந்திருந்து, கடைசியில் கடத்தின் கார்வை (அடித்தபின் நீளும் நாதம்) அடங்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு காது திறந்தே இருக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்தச் சொல்லுங்கள், முடிவில் கிளிக்கை வெட்டச் சொல்லுங்கள். கடைசி அடிக்குப் பிறகு கையை எடுக்காமல், நாற்காலி கிறீச்சிடாமல், ஓசை முழுக்க அடங்கும்வரை சும்மா இருங்கள்.

சத்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்தான். காதை வைத்துப் பிழைக்கும் ஆள் இதை அலட்சியம் செய்யலாமா?

ஏழு எண்ணிக்கைப் பாட்டு வந்தால் உடனே தலையாட்டிவிடாமல், தகிட தகதிமியா, தகதிமி தகிடவா என்று வாயால் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கணினியில் பாட்டைக் கோர்க்கும் ப்ரோகிராமர் கிளிக்கை எந்தப் பிரிவுக்கு வைத்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள். ஆறு எண்ணிக்கையான சிக்ஸ் எய்ட் பாட்டுகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தெரிந்தவருக்கு இது பெரிய பலம். ஆனாலும் மேற்கத்திய நொட்டேஷனைப் படிக்கத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

சுருதி விஷயம்தான் ஆட்களை உண்மையில் பிரித்துக் காட்டும். பாட்டு 3 கட்டை என்று தெரிந்து தபேலாவை அதன் ஆதார ஸட்ஜமான ஈ ஸ்வரத்தில் கனகச்சிதமாகச் சேர்த்துவிட்டு வந்திருப்பார். ஆனால் மெட்டுக்கு அடியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறிக்கொண்டே இருக்கும். சில கார்டுகளின் மேல் அந்த ஸட்ஜம் கணீரென்று ஒலித்துப் பாட்டோடு ஒட்டாமல் நிற்கும். அந்த இடங்களில் பஞ்சமத்துக்குச் சேர்த்த இன்னொரு தபேலா பொருந்தலாம், அல்லது கார்வை குறைந்த அடிகளுக்கு மாறலாம். அதனால்தான் ஸ்டுடியோக்காரர்கள் வெவ்வேறு வாய் அளவில் நாலைந்து தபேலா வைத்திருக்கிறார்கள். சின்ன வாய் மேல் சுருதிக்கு, பெரிய வாய் கீழ் சுருதிக்கு. ஒரே தபேலாவைச் சுத்தியால் தட்டித் தட்டி இரண்டு கட்டை ஏற்ற முயன்றால் நாதம் செத்துப்போகும்.

இன்னொரு எதிரி ஏசி. சென்னையின் ஈரக் காற்றிலிருந்து உலர்ந்த, குளிர்ந்த அறைக்குள் தோல் வந்ததும் இறுக ஆரம்பிக்கும், சுருதி ஏறும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூசிய ரவை காய்ந்துகொண்டே போகும். கஞ்சிராவில் தெளித்த தண்ணீர் பாதிப் பாட்டில் உலர்ந்துவிடும். உறையிலிருந்து எடுத்த கையோடு வாசிக்க உட்கார்ந்தால், முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் ஒட்டாது. அரை மணி நேரம் முன்னதாகவே போய், அந்த அறையிலேயே வாத்தியத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கலாம். கஞ்சிரா என்றால் இரண்டாகக் கொண்டுபோங்கள். (உடும்புத் தோல் கஞ்சிராதான் வேண்டும் என்று இன்றும் தேடுகிறவர்கள் உண்டு. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ பழகிக்கொள்வதே நல்லது.)

பஞ்ச் கொடுக்கும்போதும், அதாவது தவறிய இடத்தை மட்டும் மறுபடி வாசித்துச் சேர்க்கும்போதும், இதே கதைதான். நாலு அடியை மட்டும் திருத்தச் சொன்னால், எழுந்து போய் ஒரு போன் பேசிவிட்டு வந்து உட்காருவார்கள். மைக்கிலிருந்து அரை சாண் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள், கையின் கனமும் மாறியிருக்கும். திருத்தம் தனியாகத் தெரியும். நாற்காலி இருந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முந்தைய எட்டு மாத்திரையையும் சேர்த்து வாசித்தபடியே திருத்தத்துக்குள் நுழையுங்கள்.

குத்துப்பாட்டில் பத்துப் பறை கேட்பது போல இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் பல தடவை வாசித்திருப்பார்கள். அதே பறை, அதே இடம், அதே துல்லியம் என்று ஆறு தடவை அடித்தால் கூட்டம் வராது. ஒரே பறை கொஞ்சம் தடித்துக் கேட்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வேறு பறை எடுத்து, ஒருமுறை மைக்குக்கு அருகில், ஒருமுறை அறையின் கோடியில் நின்று, ஒன்றிரண்டில் சற்றுச் சோம்பலாக அடித்தால்தான் தெருவில் ஆட்கள் நிற்கும் உணர்வு வரும். சுத்தம் எல்லா இடத்திலும் புண்ணியம் தராது.

இப்போது பாதி வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது. வாசிப்பது கணினி வழியாகச் சுற்றித் திரும்பிக் காதுக்கு வரும்படி வைத்துக்கொண்டு "கிளிக்கோட ஒட்டவே மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். பஃபர் (கணினி ஒலியை ஒருசேரக் கையாளும் துண்டின் அளவு) 512 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் உள்ளே வர மட்டும் சுமார் 11 மில்லிசெகண்ட், வெளியே போக ஏறக்குறைய அதே அளவு. அந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டாமல் ஆடியோ இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங்கை (கணினியைச் சுற்றாமல் ஒலி நேராகக் காதுக்கு வரும் வசதி) போட்டுவிடுங்கள். அனுப்பும்போது எம்பி3 வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக, ரிவெர்ப் சேர்க்காமல், மிருதங்கம் என்றால் தொப்பி தனி, வலப்பக்கமான வலந்தலை தனியாக, பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். ஃபைல் பெயரில் பாட்டு, பிபிஎம், வாத்தியம் மூன்றும் இருக்கட்டும். "நியூ டேக் ஃபைனல் 2" என்று வரும் ஃபைலைத் திறக்க யாருக்கும் பிடிக்காது.

கடைசியாகப் பணமும் பெயரும். சென்னையில் வாத்தியக்காரர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும் என்று போராடி இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சினி மியூசிஷியன்ஸ் யூனியனைக் கட்டியெழுப்பினார். அந்தப் பலன் இருந்தும் "அண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய்ப்பேச்சில் வாசித்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் ஏராளம். தேதி, பாட்டு, வாசித்த வாத்தியம், எத்தனை மணி நேரம், யார் அழைத்தது என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிவையுங்கள். கூச்சப்படாமல் பில் கொடுங்கள்.

பெயர் போடச் சொல்லிக் கேட்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கலைஞர்களுக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை கொடுத்தது. அதே திருத்தம், சினிமாவில் தற்செயலாகவோ துணையாகவோ மட்டும் பங்கெடுத்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் வேறெங்கும் பெயர் குறிப்பிடப்படாதவரைக் கலைஞர் என்ற வரையறையிலிருந்தே பெரும்பாலும் வெளியே வைக்கிறது. ராயல்டி நடைமுறையில் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை. ஆனால் பெயர் இல்லாவிட்டால் வாதாடவே சிரமம். ஃபங்க் பிரதர்ஸ் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அட்டையில் பெயரே இல்லாமல் வாசித்தார்கள். 1971-ல் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் அவர்கள் பெயர்கள் அச்சாயின.

ரொம்ப உஷாராக இருக்க வேண்டியது சாம்பிள் ரெக்கார்டிங்கில். ஒரு மதியம் கூப்பிட்டு, உருமியிலோ தவிலிலோ ஒவ்வொரு அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியாக வாங்கிக்கொள்வார்கள். சம்பளம் ஒரு கால்ஷீட்டுக்குத்தான். பிறகு அந்த அடிகளைக் கீபோர்டில் வைத்து எத்தனை பாட்டு வேண்டுமானாலும் செய்யலாம், உங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு பாட்டுக்கு மட்டுமா, விற்பனைக்கான லைப்ரரியா, மற்றவர்களுக்குக் கைமாறுமா, பெயர் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். லைப்ரரிதான் என்றால் ஒரு பாட்டுக்கு வாங்கும் தொகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டாம்.