கெளுத்தி மாட்டினால் கை நீட்டாதீர்கள்

மணக்குடியில், பழையாறு கடலோடு சேரும் பக்கம் தூண்டில் போட்டால் சில நாள் கெளுத்திதான் மாட்டும். கரைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, ஆக 3 முள். துள்ளும்போது மூன்றும் விறைத்து நிற்கும். பழைய சாக்கை நனைத்து, மடித்து மேலே போட்டு அமுக்கிக்கொண்டு, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குறட்டை வீட்டில் மறந்த அன்றுதான் எனக்குப் பெருவிரலில் ஏறியது. தோள்வரை கடுத்தது, அன்றைக்குக் குழம்பும் இல்லை. குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் கையை வைத்திருங்கள், கடுப்பு குறையும். சூட்டை மற்றக் கையால் பாருங்கள், குத்திய கை மரத்திருக்கும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் தோண்டாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். டி.டி. ஊசி போட்டு நாளாகிவிட்டதென்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.