ராயக்கோட்டை மலை ஏறப் போகிறீர்களா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ராயக்கோட்டை துர்கத்துக்கு, அதாவது மலைக்கோட்டைக்குக் கிளம்பும்போது நேரத்தைத்தான் முதலில் பாருங்கள். விடிந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்; இறங்கும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே தேங்கிக் கிடக்கும் தண்ணீரை நம்பாதீர்கள், குடிக்க ஆகாது. செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். ஈரப்பாறையில் கால் நிற்காது.

அப்புறம், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். 1791-இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த கோட்டை இது. தயவுசெய்து சுவரில் பெயர் கிறுக்காதீர்கள், கொண்டு போன பாட்டிலைக் கீழே கொண்டு வாருங்கள்.